அஃறிணைக்கு அறிவு வந்த வரலாறு

சென்ற ஆவணி மாதம் எங்கள் வீட்டுக் குளியலறை விளக்கு, திருத்தப்பட்ட விதிமுறைகளுக்கு என் சம்மதத்தைக் கேட்டுக் கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. அது 9 வாட் விளக்கு. விதிமுறைகளைப் படிக்க உட்கார்ந்தேன். பெருவிரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. உள்ளே இருட்டில் நின்றிருந்த அம்மா, "ஏய்யா, கரண்டு போயிருச்சா?" என்று குரல் கொடுத்தாள். கரண்டு இருந்தது. சம்மதம்தான் பாக்கி. "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை அழுத்தினேன். விளக்கு எரிந்தது.

இதில் ஓர் இலக்கணச் சிக்கல் இருப்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. மனிதரும் தேவரும், ஏன், நரகத்தில் கிடப்பவரும்கூட உயர்திணை என்பது நன்னூல் கணக்கு. மிச்சமுள்ள எல்லாம், உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அஃறிணை. சம்மதம் கேட்பது, அது வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் பிரகாசிப்பது ஆகிய மூன்றும் உயர்திணையின் தொழில்கள். அதிலும் பெரும்பாலும் சம்பந்தி வீட்டாரின் தொழில்கள். இவற்றை ஒரு பல்பு செய்தால் எந்த விகுதி போடுவது? "பல்பு கேட்டது" என்றால் அதன் தகுதிக்குக் குறைவு. "பல்பு கேட்டார்" என்றால் என் தகுதிக்குக் குறைவு.

இலக்கணத்தில் இதற்கு ஒரு சந்து உண்டு. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்தில் ஒன்று காரணமாக இருந்தால் திணை மாறிப் பேசுவதைப் பவணந்தி முனிவர் மன்னிக்கிறார். வளர்த்த பசுவை அம்மா என்பவரையும், வேலைக்காகாத தம்பியை மாடு என்பவரையும் இந்த விதிதான் காப்பாற்றி வருகிறது. ஆனால் வைஃபை இருக்கும் காரணத்தால் திணை மயங்குவதற்கு அவர் இடம் வைக்கவில்லை. ஆறாவது காரணமாக அதைச் சேர்க்கலாமா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

முதலில் தோற்றம். பொருள்களுக்கு அறிவு வந்த ஆண்டு 1982 என்று கொள்வதில் அறிஞரிடையே பெரிய சண்டை இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஒரு கோக் இயந்திரம் இருந்தது. அதுவரை நடந்து போய்க் காசைப் போட்டால், ஒன்று பாட்டில் இருக்காது, அல்லது இப்போதுதான் அடுக்கிய சூடான பாட்டில் வரும். மாணவர்கள் சிலர் இயந்திரத்துக்குள் சின்னச் சின்ன ஸ்விட்சுகளைப் பொருத்தி அதைக் கணினி வலையோடு இணைத்தார்கள். எந்த வரிசையில் சரக்கு இருக்கிறது, வைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை நாற்காலியில் இருந்தபடியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்று மணி நேரம் உள்ளே இருந்த பாட்டில், "குளிர்ந்தது" என்ற பட்டத்தைப் பெறும்.

1990-ல் ஜான் ராம்கி என்பவர் ஒரு ரொட்டி டோஸ்டரை இணையத்தில் இணைத்து, இன்டராப் என்ற கண்காட்சியில் வைத்தார். எவ்வளவு தூரத்திலிருந்தும் அதை இயக்கலாம். ரொட்டியை உள்ளே வைக்க மட்டும் ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்தக் குறையும் அடுத்த ஆண்டு ஒரு குட்டி கிரேனால் நீங்கியது. அதே 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபிச் சட்டியைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்தார்கள். படம் கறுப்பு வெள்ளை, அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. சட்டியில் காபி இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் தெரிய வேண்டியதும் இல்லை. 1993-ல் அந்தப் படம் உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. 2001 ஆகஸ்டில் கேமராவை அணைத்தபோது, அந்தக் காபி இயந்திரத்தை ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது.

மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் மூலம் தெரிகிறது. சைவ சித்தாந்திகள் பானைக்கு மூன்று காரணம் சொல்வார்கள்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அறிவுடைப் பொருளுக்கு பிளாஸ்டிக் முதற்காரணம், வைஃபை துணைக்காரணம், எழுந்து போய்ப் பார்க்க ஒருவருக்கு இருந்த சோம்பல் நிமித்த காரணம். அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளில் முதலிரண்டும் எவ்வளவோ மாறிவிட்டன. மூன்றாவது அப்படியே இருக்கிறது.

பெயர் சூட்டு விழா 1999-ல். கெவின் ஆஷ்டன் என்பவர் பிராக்டர் அண்ட் கேம்பிளில் உதட்டுச் சாய வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் கடை அலமாரியில் எப்போதும் தீர்ந்துபோயிருந்தது. சரக்கு தானே தன் இருப்பைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்து, நிர்வாகத்துக்கு அதை விளக்கிய உரைக்கு "பொருள்களின் இணையம்" என்று தலைப்பு வைத்தார். கோக், ரொட்டி, காபி, உதட்டுச் சாயம். எல்லாம் வாயைச் சுற்றியே நடந்திருப்பதை வாசகர் கவனிக்கலாம்.

ஓர் இடைச்செருகல். 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர் என்பவர், காபிப் பாத்திரங்களை இணையம் வழியே ஆளும் நெறிமுறை ஒன்றை வெளியிட்டார். தேதியைப் பார்த்தாலே அதன் நோக்கம் விளங்கும். தேநீர்க் கெண்டியிடம் யாராவது காபி கேட்டால், "நான் தேநீர்க் கெண்டி" என்று 418 என்ற பிழை எண்ணோடு அது மறுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இந்தத் துறையில் தன்னை அறிந்த பாத்திரம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் காபி கேட்டால் லொகேஷன் அனுமதி கேட்கின்றன.

இனி வகைப்பாடு. இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கும் வேலையைத் தொல்காப்பியம் மரபியலிலேயே முடித்து வைத்திருக்கிறது. தொடுவுணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. அதோடு நாக்கு சேர்ந்தால் இரண்டு, மூக்கு சேர்ந்தால் மூன்று, கண் சேர்ந்தால் நான்கு, காது சேர்ந்தால் ஐந்து. ஆறாவது, மனம். நத்தைக்கும் எறும்புக்கும் நண்டுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. கீஸருக்கு இல்லாதது காலத்தின் குறையே தவிர நூலின் குறை இல்லை.

குளியலறை விளக்கு, சந்தேகமில்லாமல் ஓரறிவு, புல் சாதி. இரண்டாம் அறிவில் நிற்பது தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ பெட்டி. மதுரையில் எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பெட்டி தன் நாக்கை நீட்டி அளந்து அந்த எண்ணைக் கைபேசிக்கு அனுப்புகிறது. அம்மா அதே தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, "பருப்பு வேகாது" என்கிறாள். இரண்டும் ஒரே தகவல். அம்மாவுக்கு ஆண்டுச் சந்தா கிடையாது.

இதே வகுப்பில் ஜூசெரோ என்ற ஒரு பழச்சாறு இயந்திரத்துக்கும் இடம் தர வேண்டும். 2016-ல் அமெரிக்காவில் 699 டாலருக்கு வந்தது, பிறகு 399. நறுக்கிய பழம் அடைத்த பையை அதற்குள் வைத்தால், பையின் குறியீட்டை வைஃபை வழியே சரிபார்த்து, சம்மதமானால் பிழியும். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பையைக் கையால் பிழிந்து பார்த்தார்கள். சாறு வந்தது, நேரமும் ஏறக்குறைய அதேதான். செப்டம்பரில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கோடிக்கணக்கான டாலர் முதலீட்டில் நடந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு, கை என்பது பிழியும் என்பதாம்.

மூன்றாம் அறிவிடம் சற்று நின்று போக வேண்டும். எங்கள் சமையலறையில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பி, தன் கைபேசியோடு இணைத்திருக்கிறான். ஒருநாள் காலை பதினொன்றரைக்கு அவனிடமிருந்து போன். அங்கே இரவு இரண்டு மணி.

"அப்பா, கேஸ் லீக் ஆகுதாம். எல்லாரும் உடனே வெளிய வாங்க."

"ரசம் தாளிச்சாடா உங்கம்மா."

"அபாயம்னு சிவப்புல காட்டுதுப்பா!"

"வரமிளகா கொஞ்சம் கூடுதல்."

அவன் நம்பவில்லை. தன் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவள் இருமிக்கொண்டே பேசியதை விஷவாயுவின் அறிகுறியாக எடுத்துக்கொண்டான். வீடியோவில் ரசத்தைக் காட்டிய பிறகுதான் படுக்கப் போனான்.

கருவியைக் குறை சொல்வதற்கில்லை. இந்த வகையில் வெள்ளீய ஆக்சைடு பூசிய சிறு உணரி இருக்கும். எரியக்கூடிய ஆவி பட்டால் அதன் மின்தடை குறையும். எது எல்பிஜி, எது சூடான எண்ணெயில் பெருங்காயம் என்ற நுட்பமெல்லாம் அதற்குக் கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். ஆகவே கருவியைத் தரைக்குச் சற்று மேலே மாட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் எலக்ட்ரீஷியன் குனியச் சோம்பி, கைக்கு வாகான உயரத்தில், அடுப்புக்கு நேர் மேலே, அஞ்சறைப்பெட்டி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். நிமித்த காரணம் இங்கும் அதுவே. கேஸ் உண்மையிலேயே கசிந்தால் எங்கள் கருவிக்குக் கடைசியாகத்தான் தெரியும். ரசம் என்றால் முதலில் தெரியும்.

நான்காம் அறிவு கண். வீட்டைப் பெருக்கும் வட்ட வடிவ ரோபோ ஒன்று இருக்கிறது. தரையில் எது அழுக்கு, எது அழகு என்பது அழகியலின் மூத்த கேள்வி. பூஜையறைக் கோலமாவை உறிஞ்சியதன் மூலம் அது தன் கருத்தை முதல் நாளே தெரிவித்தது. அம்மா மறுபடி போட்டாள். அது மறுபடி உறிஞ்சியது. மூன்றாம் நாள் அம்மா ஈரமாவில் போட்டாள். அதற்குப் பிறகு இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ரோபோவோடு தகராறு இவ்வளவுதான். 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ வெளியிட்ட செய்தியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. சோதனைக்காகச் சிலர் வீடுகளுக்குக் கொடுத்த ரூம்பா ரோபோக்கள் எடுத்த படங்கள், தரம்பிரிக்கும் வேலைக்காக வெனிசுவேலாவரை போய், அங்கிருந்த பணியாளர்கள் வழியே சமூக ஊடகக் குழுக்களில் வெளிவந்தன. அதில் ஒரு பெண் கழிப்பறையில் அமர்ந்திருந்தார். கூட்டுவதற்கென்று வாங்கியது காட்டிக்கொடுப்பதையும் சேர்த்துச் செய்தது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

ஹாலில் இருக்கும் கேமராவைப் பற்றி எழுத மனம் வரவில்லை. பொருள் தேடிப் பிரிந்து போவது பாலைத்திணைக்கு உரிய ஒழுக்கம். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விடுவது நம் மரபு. இப்போது அந்த வேலையைச் சீலிங் மூலையில் இருக்கும் வெள்ளை உருண்டை பார்க்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அம்மா படுக்கப் போகுமுன் அதன் கீழே ஒரு நிமிஷம் நிற்பாள். பேசுவதில்லை. "பேரன் பார்த்துக்கிடட்டும்" என்பாள்.

காதுக்கு வருவோம். பேசும் பெட்டிக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால்தான் விழிக்கும். எட்டாம் வேற்றுமையாகிய விளி முன்னே வந்தால்தான் ஏவல் வினை செல்லுபடியாகும் என்று இலக்கணமாகச் சொல்லலாம். அம்மாவின் இலக்கணம் வேறு. ஒரு பெண்பிள்ளையைப் பேர் சொல்லி வேலை ஏவுவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. "ஏத்தா, அந்த லைட்டக் கொஞ்சம் போடுத்தா" என்பாள். பெட்டி அசையாது. "அசதியா இருக்கும்" என்று எழுந்து போய் அவளே ஸ்விட்சைப் போடுவாள். சாயங்காலம் தொலைக்காட்சித் தொடரில் ஒரு மாமியார் வீச்சென்று கத்தும்போது மட்டும் பெட்டிக்குத் தன் பெயர் கேட்டுவிடும். நீலமாக விழித்து, தனக்குப் புரியவில்லை என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிக்கும். "நமக்கும்தான் புரியல" என்பாள் அம்மா.

இதை வீட்டு வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஒரு சிறுமி அலெக்சாவிடம் சொல்லி பொம்மை வீடு வாங்கிய கதையைத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். வாசித்தவர் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லிக் காட்ட, கேட்டுக்கொண்டிருந்த வேறு சில வீடுகளின் பெட்டிகளும் பொம்மை வீடு வாங்க முயன்றன. மேற்கோளுக்கும் ஏவலுக்கும் வேறுபாடு தெரியாத மாணவனை எங்கள் தமிழாசிரியர் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

ஐந்தும் முடிந்தது. ஆறாவதைத் தேடும்போதுதான் வகைப்பாடு இடிக்கிறது. பெட்டியின் காது ஹாலில் இருக்கிறது; பெயரைக் கேட்டு விழிப்பது வரைதான் அதன் சொந்தச் சாமர்த்தியம். விழித்த பிறகு கேட்பதை எல்லாம் கட்டி வெளியூர் அனுப்பிவிடுகிறது. புரிந்துகொள்வது அங்கே. ரோபோவின் கண் பூஜையறையில். அதன் வரைபடம் எங்கோ. உலகத்திலேயே தரவு மையங்கள் அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் அமெரிக்காவின் வடக்கு வெர்ஜீனியா. தொல்காப்பியர் கண்ட நண்டுக்கு நான்கறிவும் நண்டுக்குள்ளேயே இருந்தன. ஐம்புலனை இங்கே வைத்துவிட்டு மனத்தை வேறு ஊரில் வாடகைக்கு வைக்கும் உயிரை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளை என்று வகைப்படுத்தியிருப்பார்.

2025 அக்டோபர் 20 அன்று வடக்கு வெர்ஜீனியாவில் அமேசானின் கணினி மையம் மயங்கி விழுந்தது. அமெரிக்காவில் எய்ட் ஸ்லீப் என்றொரு கட்டில் விற்கிறார்கள். மெத்தை உறைக்குள் தண்ணீரை ஓடவிட்டுச் சூடும் குளிருமாகப் படுக்கையைப் பதப்படுத்தும். அன்றிரவு சில கட்டில்கள் சூட்டிலேயே நின்றுவிட்டன. சில, தலைமாட்டைத் தூக்கியபடி இறக்க மறுத்தன. படுத்திருந்தவர்கள் புகார் சொன்னார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், அவர்கள் வீட்டில் கரண்டு இருந்தது, கட்டிலும் பழுதில்லை. கயிற்றுக் கட்டிலுக்கு இந்த நோய் வராது. அதற்குக் கயிறு தளரும். தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம்.

பிரிட்டனில் தரவுத் துறை வல்லுநர் ஒருவர் 2016-ல் வைஃபை கெட்டிலில் தேநீர் போடக் காலையில் தொடங்கி, பதினொரு மணி நேரம் கழித்து வெந்நீர் கண்டார். கெட்டில் வழிக்கு வந்த அதே வேளையில் வீட்டு விளக்குகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியதால், இரவுச் சாப்பாடு இருட்டில் நடந்தது. நாம் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 12 அன்று, கிருஷ்ண ஜெயந்தி நாளில், உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர்களுக்குத் தவறுதலாகப் போன ஒரு கட்டளையால் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. கண்ணன் பிறந்ததும் இருட்டில்தான் என்று யாராவது சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

மயக்கமாவது தெளியும். மனம் செத்துப்போவதும் உண்டு. ரிவால்வ் என்ற 300 டாலர் கருவியை வாழ்நாள் சேவையோடு விற்றார்கள். அந்தக் கம்பெனியை கூகுள் குடும்பத்து நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. கருவியில் ஒரு திருகுகூடக் கழலவில்லை, ஆனால் அன்றோடு அது வெறும் டப்பா. வாழ்நாள் என்றது யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

புறத்திணையிலும் இப்பொருள்கள் பங்கெடுத்திருக்கின்றன. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட பல தளங்கள் எட்டாமல் போயின. தாக்கிய படையில் இருந்தவை வீட்டுக் கேமராக்களும் வீடியோ பதிவுப் பெட்டிகளும். மிராய் என்ற நிரல், ஆலையிலேயே வைத்துக் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அவற்றைச் சேர்த்திருந்தது. உரிமையாளருக்குத் தெரியாது; கேமரா வழக்கம்போல் வாசலைப் பார்த்துக்கொண்டே, இடையிடையே வெளியூர் அடிதடிக்கும் போய்வந்தது. ஆநிரை கவரும் வெட்சித் திணைக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2017-ல் வெளிவந்த சூதாட்ட விடுதிக் கதை: மீன்தொட்டியின் வெப்பநிலையைக் கவனிக்க இணையத்தில் இணைத்திருந்த கருவி வழியே புகுந்தவர்கள் 10 ஜிபி தரவைப் பின்லாந்துக்கு ஓட்டிச் சென்றார்கள். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அலுவலகம் பற்றி நான் நடுநிலையோடு எழுத முடியாது. முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். கடைசி மூன்று ஆண்டுகளில் எங்கள் அறைக்குத் தானே எரிந்து தானே அணையும் விளக்கு வந்தது. அதன் கண்ணுக்குள் வெப்பத்தை உணரும் இரண்டு பாதிகள் இருக்கும்; ஒரு பாதியில் பட்ட உடற்சூடு மறு பாதிக்கு நகர்ந்தால்தான் ஆள் இருப்பதாகக் கொள்ளும். அசையாதவன் அதற்குச் சுவர். சும்மா இருக்கச் சொன்ன ஞானியர் பரம்பரையில் பிறந்த நான், ஒரு கோப்பைப் படித்து யோசித்தால் போதும், ஏழாம் நிமிஷம் இருட்டிவிடும். கையை ஆட்டினால் எரியும். ஆகவே எங்கள் பிரிவில் யோசிப்பவர்கள் அவ்வப்போது கையை ஆட்டினார்கள். யோசிக்காதவர்கள் டீ குடிக்கப் போய்வந்து இயல்பாகவே வெளிச்சத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பதவி உயர்வு யாருக்குப் போனது என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரமும் வந்தது. வறண்ட விரலை அது ஏற்காது. காலை ஒன்பதே முக்காலுக்கு வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒருமுறை தலைமுடியில் விரலைத் தேய்த்து, ஒட்டிய எண்ணெயோடு வைப்பார்கள். "பதிவாகியது" என்று ஒரு பெண்குரல் சொல்லும். எண்ணெய் தேய்க்காதவர்களும் வழுக்கையர்களும் பக்கத்தில் நிற்பவரின் தலையைக் கடன் வாங்கிய காட்சியை நான் பார்த்திருக்கிறேன். மேலதிகாரியின் தலை யாருக்கும் கிடைத்ததில்லை.

இறுதியாகக் கதவு. வாய்ச்சொல்லுக்குத் திறக்கும் கதவு தமிழருக்குப் புதிதில்லை. வேதாரண்யத்தில், அதாவது திருமறைக்காட்டில், வேதங்கள் பூட்டிவைத்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகம் பாடினார், திறந்தது. மறுபடி மூட சம்பந்தர் பாடினார்; மூடியது. பெரியபுராணம் சொல்லும் ஒரு நுட்பத்தைத் தொழில்நுட்ப அறிஞர் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை: அப்பருக்குக் கதவு உடனே திறக்கவில்லை, பதிகத்தின் கடைசிப் பாட்டுவரை காக்க வைத்தது, சம்பந்தருக்கோ முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அந்தத் தாமதம் அப்பரை வருத்தியது. கட்டளைக்கும் பலனுக்கும் இடையிலான தாமதத்தைப் பற்றி ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சியாக நமக்குக் கிடைக்கும் பதிவு இது. ஆனால் அங்கே கதவின் மனம் கோயிலுக்குள்ளேயே இருந்தது.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்ற கம்பெனி, தன் பூட்டுகளுக்கு வேறு மாதிரிப் பூட்டுக்கான அப்டேட்டை அனுப்பிவிட்டது. ஏறத்தாழ 500 பூட்டுகள் செயலிழந்தன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகத்திலிருந்து காணாமல் போனபோது, அந்தக் கம்பெனி ஊழியர்களின் அடையாள அட்டைகளும் அலுவலகக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே போய்ச் சரிசெய்யலாம் என்றால், உள்ளே போவதுதான் சரிசெய்ய வேண்டியதாக இருந்தது.

எங்கள் வாசல் பூட்டு, விரலைப் பார்த்துத் திறக்கும். வீட்டில் அனைவரின் விரலையும் பதிந்துகொண்டது, அம்மாவைத் தவிர. அறுபது ஆண்டு அம்மியும் புளியும் சாம்பலும் தேய்த்த விரல். பத்தையும் வைத்துப் பார்த்தோம். "மீண்டும் முயலவும்" என்றது. அம்மா தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கே, எங்கய்யா போச்சு?" என்றாள். பெட்டியோடு அவசரத்துக்கென்று ஒரு சாதாரணச் சாவியும் தந்திருந்தார்கள். அதை அவளிடம் கொடுத்தோம். முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து பூட்டின் பேட்டரி மூன்று முறை தீர்ந்திருக்கிறது. மூன்று முறையும் விரல் ஏற்கப்பட்ட நாங்கள் அனைவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தோம்.

குளியலறை விளக்கைத் தற்காலிகமாக அஃறிணையிலேயே வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளோர் நேரில் வரலாம். அம்மா தினமும் மாலை ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் போனால் திரும்ப ஏழாகும். அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர்க்கவும். காலிங்பெல் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது. கதவைத் தட்டவும்.